விரத மயக்கம் என்று எழுதினேன்

ஐப்பசி 6, வியாழன்

காலையில் குடோனுக்கு வந்தவர்கள்: ஜெபமணி மாஸ்டர், என் மகள் வேணி, மேலப்பாளையம் ஷமீமா, கல்லூரிப் பிள்ளைகள் ஆனந்தி, ஜூலியட், முப்பிடாதி. என்னையும் சேர்த்து ஏழு பேர். கல்லூரிப் பிள்ளைகள் மூவரும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஏழரைக்கே போய்விட்டார்கள். ஆகவே அது நடந்தபோது இருந்தது நாலு பேர்.

பழைய அரிசி குடோனை வாடகைக்குப் பிடித்துத்தான் மாஸ்டர் குத்துச்சண்டை சொல்லிக் கொடுக்கிறார். அவருக்குக் கை நடுக்கம், பேனா நிற்காது. அதனால் ஆடி மாதத்திலிருந்து கிளப்பின் பதிவேட்டை எழுதுவது நான். யார் வந்தார்கள், என்ன எடை, எத்தனை ரவுண்டு, யாருக்கு எங்கே அடி. ஏழாம் வகுப்போடு நின்றவள் எழுதியது என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

வேணி எடை 50.3 கிலோ. சேலம் போட்டிக்குள் 48க்கு வர வேண்டும். இன்று சஷ்டி விரதம் இரண்டாம் நாள். என்னோடு அவளும் இருக்கிறாள். பகலில் ஒன்றுமில்லை, இரவில் பாலும் ஒரு பழமும். எடையும் இறங்கும், முருகனும் பார்த்துக்கொள்வான்.

"யம்மா, ரெண்டு கணக்கையும் ஒரே ரசீதுல முடிக்கியே," என்று வழியெல்லாம் கேலி செய்தாள்.

ஷமீமாவோடு மூன்றாவது ரவுண்டில் விழுந்தாள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மல்லாந்து கிடந்தாள். இரண்டு கையும் கிளவுஸோடு முகத்துக்கு மேலே தூக்கி நின்றன. சந்நிதியில் தலைக்கு மேல் கும்பிடுவார்களே, அந்த மாதிரி. விழுகிற நேரத்திலும் முருகனைக் கும்பிட்டிருக்கிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மாஸ்டர் கன்னத்தில் தட்டினார். கண் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"யக்கா, காலையில பிள்ளை என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர். விரதம்."

"அப்ப அதான். வெறும் வயிறு, கெறங்கிட்டா."

ஷமீமா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ என்னட்டி பாத்துக்கிட்டு நிக்கே, தண்ணி கொண்டா," என்று அவளை அனுப்பிவிட்டார்.

பதிவேட்டில்: வேணி. மூன்று ரவுண்டு. விரத மயக்கம்.

வீட்டுக்கு வந்து சிலிண்டர் மாற்றினேன். போனது முப்பத்தெட்டு நாள் வந்திருக்கிறது.

ஐப்பசி 7, வெள்ளி

வேணிக்குத் தலைவலி. மாத்திரை அட்டை புதிது, பத்து. அவளுக்கு இரண்டு. இருப்பு எட்டு. விளக்குக்கு ஐந்து முகம் ஏற்றினேன்.

ஐப்பசி 8, சனி

இருப்பு ஐந்து.

ஐப்பசி 10, திங்கள்

சூரசம்ஹாரம். இருவரும் திருச்செந்தூர் போனோம். பஸ்ஸில் வேணி, "எங்கம்மா போறோம்?" என்று கேட்டாள். திருச்செந்தூர் என்றேன். கிருஷ்ணாபுரம் தாண்டியதும் மறுபடி கேட்டாள். விளையாடுகிறாள் என்று நானும் சிரித்தேன். நாலாவது தடவை கேட்டபோது பக்கத்து சீட்டு அம்மாள் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

கடற்கரையில் மேளச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் வாந்தி. வயிற்றில் ஒன்றுமில்லை, மஞ்சளாகத் தண்ணீர்தான். சூரன் தலை விழுந்ததை நான் மட்டும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

நாளை விரதம் முடிகிறது. சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

ஐப்பசி 11, செவ்வாய்

விரதம் முடித்தோம். நாலு இட்லி வைத்தேன், ஒன்றரை சாப்பிட்டாள். தலைவலி இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது என்று என் பழைய சேலையை மாட்டி மறைத்திருக்கிறாள். மாஸ்டரிடம் சொன்னேன். "எடை இறக்கும்போது அப்படித்தான் இருக்கும்க்கா," என்றார். சிறிது நேரம் கழித்து, "வேணிக்கு ஏதோ சொன்னியளே, என்னது?" என்று கேட்டார். திரும்பச் சொன்னேன்.

முதல் அட்டை காலி.

ஐப்பசி 13, வியாழன்

பாலை அடுப்பில் வைத்துவிட்டு வேணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தெரு வரைக்கும் தீய்ந்த வாடை. அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். பாத்திரம் கருகிக்கொண்டிருக்கிறது.

"ஏட்டி, மூக்கு என்ன அடைச்சிட்டா?"

"அடைக்கலியே. ஏம்மா?"

கண் பட்டிருக்கிறது. பேப்பரில் இவள் போட்டோ வந்ததிலிருந்தே எனக்குச் சந்தேகம்தான். அந்தியில் மூன்று முச்சந்தி மண், ஒன்பது மிளகாய், கல்லுப்பு எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டேன். திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடி அடிக்காது.

"நெடி அடிக்குதாட்டி?"

"கண்ணு எரியுது. ஆனா ஒரு வாடையும் இல்லம்மா."

அப்போ திருஷ்டிதான். போய்விட்டது. எனக்கு இருமல் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அது நெடியால்தான் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஐப்பசி 15, சனி

போட்டிக்குப் போகிற பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். வேணி, ஆனந்தி, ஜூலியட். ஷமீமா இந்தத் தடவை போகவில்லை. ஒவ்வொருவருக்கும் குத்துச்சண்டைச் சங்கம் கொடுத்த புத்தகம் அது. ஆடிய ஆட்டம், பட்ட அடி எல்லாம் அதில் ஏற வேண்டும். பசை காயும் வரை முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தலையில் அடிபட்டு ஆட்டம் நின்றால் முப்பது நாள் ரிங்கில் இறங்கக் கூடாது, பிறகும் டாக்டர் கையெழுத்து வேண்டும் என்று இருக்கிறது.

ஆறாம் தேதியிலிருந்து முப்பது நாள் எண்ணினால் கார்த்திகை 6 வருகிறது. போட்டி ஐப்பசி 28.

சும்மா எண்ணிப் பார்த்தேன். இவளுக்கு வந்தது விரத மயக்கம்.

ஐப்பசி 18, செவ்வாய்

பத்து மணிக்கு ஷமீமா வீட்டுக்கு வந்தாள். வேணி கல்லூரிக்குப் போயிருந்தாள். அது தெரிந்துதான் வந்திருக்கிறாள். பத்து நாளாகப் பயிற்சிக்கு வராதவள். பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதி எழுதி எனக்கே கோபம்.

"என்னட்டி, பெரிய இடத்துச் சம்பந்தம் வந்துட்டா? ஆளையே காணோம்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றாள்.

"ஆன்ட்டி, அன்னைக்கு அவ மயங்கி விழல. நான் அடிச்சி விழுந்தா."

"விரதம்மா. வெறும் வயிறு."

"நானும் வருசா வருசம் முப்பது நோம்பு வைக்கேன் ஆன்ட்டி. நோம்புல மயக்கம் வந்தா கண்ணு இருட்டும், நாம செவரப் புடிப்போம், கீழ உக்காருவோம். இவ கட்டை மாதிரி விழுந்தா. என் வலது கை தாடையில பட்டதுமே அவ கண்ணு போயிட்டு. அப்புறம் அந்தக் கை ரெண்டும் வெறச்சி நின்னுச்சே..."

"கும்பிட்டா."

ஷமீமா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "போன வருச கேம்ப்புல ஒரு டாக்டரம்மா வீடியோ போட்டுக் காட்டுனாங்க. அடி மூளையில எறங்குனா கை அப்படித்தான் தானா வெறச்சி நிக்குமாம். கும்புடுறது இல்ல ஆன்ட்டி அது. அப்படி விழுந்தவங்க ஆறுறதுக்கு முன்னால இன்னொரு அடி வாங்குனா ஆளே போயிருவாங்கன்னு சொன்னாங்க. அதுக்குப் பெரிய அடி வேண்டாமாம். சின்ன அடி போதுமாம்."

"மாஸ்டர்கிட்ட சொன்னியா?"

"மூணு தடவ சொல்லிட்டேன். மூணு தடவையும் புதுசாக் கேக்குற மாதிரி கேக்குறாரு."

மோரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கறிவேப்பிலை ஆய்ந்தேன். பூஜை அறையில் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கையைத் தலைக்கு மேல் தூக்க வரவில்லை.

இரண்டாம் அட்டை, இருப்பு நாலு.

ஐப்பசி 19, புதன்

வேணியிடம் கேட்டேன். ஒளிக்கவில்லை.

"அடி பட்டுச்சி. அதுக்கென்ன? குத்துச்சண்டைல பூவா போடுவாவ?"

"ஆஸ்பத்திரில காட்டுவோம்ட்டி."

"காட்டுனா எழுதுவாவ. எழுதுனா முப்பது நாளு. முப்பது நாளுன்னா இந்த மீட் போச்சி. அடுத்த வருசம் எனக்கு வயசு போச்சி." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "போலீஸ் வேலைக்கு விளையாட்டுல ஒரே ஒரு மெடல் குறையுது. ஒண்ணே ஒண்ணு. நீ நல்லாத்தான எழுதியிருக்க? விரத மயக்கம்னு. அத அப்படியே விட்டுரு. நீ வாயத் தொறந்தேன்னா நான் உங்கூட இந்த ஜென்மத்துல பேச மாட்டேன்."

அவள் அப்பா லாரியில் இருந்து போன் செய்தார். நாக்பூர் தாண்டிவிட்டாராம். "காக்கிச்சட்டைக்கு அளவு குடுக்கச் சொல்லு," என்று சிரித்தார். பிள்ளைக்குத் தலைவலி என்றேன். "பரீட்சைக்கு முன்னால உனக்கும் வயித்த வலிக்கும்னு உங்க அய்யா சொல்லுவாவ," என்றார்.

ஐப்பசி 22, சனி

எடை 48.6. மூன்றாம் அட்டை பிரித்தாயிற்று.

ஐப்பசி 24, திங்கள்

காலையில் வேணி ஜூலியட்டோடு இரண்டு ரவுண்டு. மெதுவாகத்தான். மாஸ்டர் தலையில் தொடாதே என்று ஜூலியட்டிடம் சொல்லியிருந்தார், நான் சொல்லச் சொன்னதால். முடிந்து இறங்கும்போது வேணி கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே வராமல், கயிறு இல்லாத இடம் எது என்று தடவுகிற மாதிரி மூலைக்கு மூலை போனாள். ஜூலியட் சிரித்தாள். வேணியும் சிரித்தாள்.

நான் எழுதியது: வேணி. இரண்டு ரவுண்டு. நன்று.

ஐப்பசி 26, புதன்

நாளை காலை சேலம் ரயில். மாஸ்டர், வேணி, ஆனந்தி, ஜூலியட்.

வேணியின் புத்தகத்தில் போட்டிக்கு முன்பான விவரப் பக்கத்தை நிரப்ப வேண்டும் என்று மாஸ்டர் என்னிடம் கொடுத்தார். பெயர், பிறந்த தேதி, எடை, ரத்த வகை எல்லாம் எழுதினேன். கடைசிக்கு முந்திய வரி: தலையில் பட்ட அடியால் ஆட்டம் நின்றது உண்டா, உண்டென்றால் தேதி.

வேணி எதிரில் உட்கார்ந்து கால் விரலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

இல்லை என்று எழுதினேன். மாஸ்டர் கீழே கையெழுத்துப் போட்டார். அவர் பெயரில் நாலு எழுத்து, நாலுக்கும் ஒரு நிமிடம்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டில் ஆறாம் தேதிப் பக்கத்தைப் படித்தேன். குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன் என்று இருக்கிறது. குனிந்திருக்கவில்லை. ஷமீமாவின் கை படுவதற்கு முன்னாலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். வேணியின் கண் போனதையும் பார்த்தேன். தரையில் அவள் தலை பட்ட சத்தமும் கேட்டது.

மூன்றாம் அட்டையில் இருப்பு ஒன்று. அதையும் பையில் வைத்துவிட்டாள்.

ஐப்பசி 27, வியாழன்

ஆறரை மணிக்கு ரயில் ஏற்றிவிட்டேன். விபூதி பூசினேன். போட்டி முடியும் வரை பிள்ளைகள் போனை மாஸ்டர்தான் வைத்துக்கொள்வார். அது எப்போதும் உள்ள வழக்கம்.

பத்தேகாலுக்கு மாஸ்டரிடமிருந்து போன்.

"யக்கா, மதுரையில டீ குடிக்க எறங்குனேன். எந்தப் பெட்டின்னு மறந்துட்டு. பிள்ளையள் எங்க இருக்குன்னு ஏதாவது சொல்லிச்சா?"

பெட்டி எண் என் நோட்டில் இருந்தது. எஸ் ஏழு என்றேன். மூச்சு வாங்க ஓடுவது கேட்டது. ஏறிவிட்டேன் என்றவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் துணிச்சல் வந்தது.

"மாஸ்டர், ஆறாம் தேதி வேணி விழுந்தது விரத மயக்கம் இல்ல. ஷமீமா அடியில விழுந்தா. உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

அவர் சீட்டில் உட்காருவது கேட்டது.

"விரத மயக்கம்னு நீங்கதானக்கா எழுதியிருக்கிய," என்றார். "நான் தெனமும் ராத்திரி பதிவேட்டப் படிச்சிட்டுத்தான் படுப்பேன். எனக்கு அதுதான் ஞாபகம். நீங்க எழுதுனதுதான்."

அப்புறம் சிக்னல் போய்விட்டது. திரும்ப அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி செல்வராணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இதுவரை வாசலோடு வந்திருக்கிறேன், உள்ளே போனது இன்றைக்குத்தான். அடுப்புக்கு மேலே 'அணைத்தாயிற்றா' என்று ஒரு சீட்டு. கதவில் 'சாவி'. கண்ணாடிக்குப் பக்கத்தில் 'காலை மாத்திரை வெள்ளை, இரவு மாத்திரை மஞ்சள்'.

மதுரையில் நடந்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"போன மாசம் நம்ம தெருவுலயே வீட்டத் தாண்டிப் போயிட்டாவ. பட்டாளத்துல ஆடும்போது பதினோரு தடவ விழுந்திருக்காவளாம். விழுந்த மறுவாரமே திரும்பி எறங்கிருவாவளாம். ஒண்ணுக்கும் எழுத்து கெடையாது. இப்ப டாக்டரு எத்தன அடி, என்னைக்கின்னு கேட்டா நாங்க என்னத்தச் சொல்ல? அம்பத்திரண்டு வயசு. எங்கப்பாவுக்கு எண்பது, அவிய ஆட்டோ நம்பரையும் சொல்லுவாவ."

"பிள்ளையள அவருகூட அனுப்பியிருக்கோமே, நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"குடோன மூடிட்டா அவிய காலையில எந்திரிக்கதுக்கு என்ன இருக்கு?" கீரைக்காம்பைத் தூக்கிப் போட்டாள். "உங்களக் கொண்டுதான் ஓடிக்கிட்டு இருக்குன்னு சொல்லுவாவ. சண்முகக்கனி அக்கா எழுதுனா அதுல தப்பு இருக்காதுன்னு."

கிளம்பும்போது ஒரு வெள்ளை அட்டையும் பேனாவும் கொண்டுவந்தாள். சட்டைப் பையில் வைக்கிற அட்டை. பழையது துவைப்பில் போய்விட்டதாம். "உங்க கையெழுத்துதான் தெளிவா இருக்கும். எழுதிக் குடுங்க." அவர் பெயர், தெரு, வீட்டு எண், செல்வராணி போன் எண். இவரைப் பார்த்தால் இந்த எண்ணுக்குச் சொல்லவும் என்று அடியில் ஒரு வரி. ஐந்து வரியும் எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். களைந்த அரிசியை உலையில் போடவில்லை.

போட்டிச் சுற்றறிக்கையில் மருத்துவர் எண் இருந்தது. மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை. ஷமீமாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். நான் சேலம் போக வழி உண்டா என்று அவள் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தாள். சாயங்கால பஸ்களில் இடமில்லை, இரவு பதினோரு மணிக்குத்தான் ஒன்று. கடிதமாக எழுதினேன். ஷமீமா அதைப் படம் எடுத்து மருத்துவர் எண்ணுக்கு அனுப்பினாள். அப்போது மணி நாலே முக்கால். அனுப்பியதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

போட்டி மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் 48 கிலோ பிரிவில் ஆட வரும் கிருஷ்ணவேணியின் தாய் சண்முகக்கனி, பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன்.

அவள் புத்தகத்தில் தலையடி 'இல்லை' என்று இருப்பது என் கையெழுத்து. அது பொய். ஐப்பசி 6, அக்டோபர் 23 காலை, பயிற்சியில் தாடையில் அடிபட்டு நினைவு தப்பி விழுந்தாள். தலையின் பின்பக்கம் தரையில் பட்டது. கை இரண்டும் விறைத்து நின்றன. இன்றோடு இருபத்தொரு நாள். இருபத்தொன்பது தலைவலி மாத்திரை. வாடை தெரியவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஆகவில்லை. கேட்டதையே கேட்கிறாள். மூன்று நாளுக்கு முன் ரிங்கிலிருந்து வெளியே வர வழி தெரியாமல் நின்றாள்.

நீங்கள் கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஓடச் சொன்னால் ஓடுவாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாலும் நின்று காட்டுவாள். தயவுசெய்து நம்ப வேண்டாம். அவளோடு வந்திருக்கும் மாஸ்டரிடமும் கேட்க வேண்டாம். அவர் நான் எழுதியதைத்தான் சொல்வார். அவர்மேல் குற்றமில்லை. அவரையும் நீங்கள் ஒருமுறை பார்த்தால் நல்லது.

அவளை ரிங்கில் இறக்காதீர்கள். தலைக்கு ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். இந்தப் பதக்கம் போனால் அவளுக்கு வேலையும் போகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். யார் சொன்னது என்று சண்டை போடுவாள். உன் அம்மா என்று சொல்லிவிடுங்கள்.

நான் கிளம்பி அங்கே வந்து சேரக் காலை எட்டு மணி தாண்டிவிடும். எடையும் மருத்துவப் பரிசோதனையும் ஏழு மணிக்கு என்று போட்டிருக்கிறது. இதைப் படித்தீர்களா, அவளை நிறுத்துவீர்களா என்று அதற்கு முன்பே எனக்கு ஒரு பதில் அனுப்புங்கள்.